மீடியம் என்றால் யாருக்கு மீடியம், தெரியுமா?

2024 ஜனவரி 13, அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி. வெளியே மைனஸ் 20 டிகிரி செல்சியஸ்! அந்தக் குளிரிலும் ஆரோஹெட் மைதானத்தில் கூட்டம் அலைமோதுகிறது. அமெரிக்கக் கால்பந்தில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணிக்கும் மயாமி டால்ஃபின்ஸுக்கும் பிளே-ஆஃப் ஆட்டம். காதலர் டிராவிஸ் கெல்சி ஆடுவதைப் பார்க்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் வந்து இறங்கினார். சீஃப்ஸ் ஜெயித்தது. ஆனால் மறுநாள் பாதி உலகம் பேசியது ஆட்டத்தைப் பற்றி அல்ல, கெல்சியின் பெயரும் 87 என்ற எண்ணும் போட்ட அந்தச் சிவப்பு பஃபர் ஜாக்கெட்டைப் பற்றி!

அந்த ஜாக்கெட் எந்தக் கடையிலும் கிடைக்காது, தெரியுமா? அது ஜெர்சியை வெட்டித் தைத்தது. தைத்தவர் ஃபேஷன் உலகப் பெரும்புள்ளி என்று நினைத்தால் தப்பு. சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்த கைல் யூஸ்செக்கின் மனைவி கிறிஸ்டின்தான் அவர். அடுத்த மாதமே அந்த இரண்டு அணிகளும் சூப்பர் பவுல் இறுதியில் நேருக்கு நேர் மோதின. போட்டி அணிக்காரரின் மனைவி தைத்ததைத்தான் ஸ்விஃப்ட் போட்டிருந்தார்!

கிறிஸ்டின் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்ததற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. கணவர் ஆடுகிற ஆட்டங்களுக்குப் போட்டுக்கொண்டு போக, தனக்குப் பிடித்த மாதிரி, உடம்பில் சரியாக உட்காருகிற மாதிரி ஒன்றுமே கிடைக்கவில்லை. ஆட்டக்காரரின் மனைவிக்கே இந்தக் கதி! தன் ரசிகர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள் என்று மார்தட்டிக்கொள்கிற அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல், அந்த ஜாக்கெட் படங்கள் பரவியபின் ஜனவரி முடிவதற்குள் கிறிஸ்டினுக்கு லோகோவைப் பயன்படுத்தும் உரிமத்தைக் கொடுத்துவிட்டது. 2025 ஜனவரியில் தொழிலதிபர் எம்மா கிரீடுடன் சேர்ந்து ‘ஆஃப் சீசன்’ என்ற பெயரில் உடுப்பு பிராண்டையே தொடங்கிவிட்டார் கிறிஸ்டின்.

இதே கதை இன்னும் பதினேழு வருஷம் முன்னாலேயே நடந்திருக்கிறது! நடிகை அலிஸா மிலானோ லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் தீவிர ரசிகை. பேஸ்பால் மைதானத்துக் கடையில் பெண்கள் போடுகிற மாதிரி உருப்படியாக எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, 2007-ல் பேஸ்பால் லீக்கோடு கைகோத்து ‘டச்’ என்ற உடை வரிசையை அவரே ஆரம்பித்தார். 2019-ல் விளையாட்டுத் தொகுப்பாளர் எரின் ஆண்ட்ரூஸ் இன்னொரு வரிசையைத் தொடங்கினார். கவனித்தீர்களா? ஒவ்வொரு தடவையும் ஒரு பிரபலமான பெண் தானே களத்தில் இறங்க வேண்டியிருந்திருக்கிறது. பிரபலம் இல்லாத கோடிக்கணக்கான ரசிகைகள்? கிடைத்ததை வாங்கி, கையை மடித்து, கீழே முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள்.

ஏன் இப்படி? நூல் பிடித்துப் பின்னோக்கிப் போனால் ஆச்சரியத்துக்கு மேல் ஆச்சரியம்!

முதலில் இது. இன்று ஆட்டக்காரர்கள் போடுகிற ஜெர்சியின் நகலைப் பெரியவர்கள் வாங்கிப் போடுகிறோமே, அந்த நகல் முதலில் குழந்தைகள் உடுப்பாகத்தான் பரவியது, தெரியுமா? இங்கிலாந்தின் லெஸ்டர் பக்கத்தில் உள்ளாடை தைத்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனியின் பிராண்டு ஆட்மிரல். ஆமாம், நம் திருப்பூர் பனியன் கம்பெனி மாதிரிதான்! அதன் முதலாளி பெர்ட் பேட்ரிக், 1973-ல் லீட்ஸ் யுனைடெட் கால்பந்து அணியின் மேலாளர் டான் ரெவியிடம் போனார். ஜெர்சியில் எங்கள் லோகோவைப் போட்டுக்கொள்கிறோம், அதே ஜெர்சியை விற்கும் உரிமை எங்களுக்கு மட்டும் வேண்டும் என்பது பேச்சு. சம்மதம் கிடைத்தது. அடுத்த வருஷமே இங்கிலாந்து தேசிய அணியும் ஆட்மிரல் கைக்கு வந்தது. விற்பனை யாரைக் குறிவைத்து? பையன்களை! பெரியவர்கள் அப்போது கழுத்தில் ஸ்கார்ஃப் சுற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போவார்கள், அவ்வளவுதான். பெரியவர்கள் ஜெர்சி போடும் பழக்கம் பின்னால் மெல்ல மெல்ல வந்தது. முதலில் பையன்கள், அப்புறம் அந்தப் பையன்களின் அப்பாக்கள். அம்மாவும் அக்காவும் அந்த வரிசையில் எங்கே நின்றார்கள் என்று யாரும் எண்ணிப் பார்க்கவே இல்லை.

அதனால்தான் இங்கிலாந்தில் இன்றுவரை ஒரு தந்திரம் ஓடுகிறது. ஒல்லியான பெண்கள் பலர் சிறுவர்கள் பகுதிக்குப் போய் அங்கே உள்ள பெரிய சைஸை எடுத்துவிடுவார்கள். சைஸுக்காக மட்டும் இல்லை, விலையும் காரணம்! அந்த நாட்டில் சிறுவர் உடுப்புக்கு வாட் வரி கிடையாது. பெரியவர்கள் உடுப்புக்கு 20 சதவீதம். ஆனால் சிறுவர் ஜெர்சி பையனின் உடம்புக்கு வெட்டியது. தோள் குறுகல், நீளம் கம்மி, இடுப்புக்குக் கீழே இடமே இருக்காது. உட்கார்ந்தால் மேலே ஏறிக்கொள்ளும். வரி மிச்சம், நிம்மதி போச்சு!

சரி, ஆண்களின் சைஸ் மட்டும் எப்படி அவ்வளவு ஒழுங்காக இருக்கிறது? அதற்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது! 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் லட்சக்கணக்கான சிப்பாய்களுக்குச் சீருடை தைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவராக அளவெடுத்துத் தைக்க நேரம் ஏது? மார்பளவை வைத்து வகை பிரித்தார்கள். அந்த அனுபவம் போருக்குப்பின் ரெடிமேடு கடைகளுக்கு வந்தது. ஆணின் சட்டை இன்றும் மார்புச் சுற்றளவில்தான் நிற்கிறது; 40 என்றால் 40 அங்குலம், டேப்பை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பெண்களுக்கு? அளவெடுக்க 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! கேட்டலாக் பார்த்துத் தபாலில் துணி வாங்கும் காலம் அது. சரியாக இல்லை என்று வந்த உடுப்புகளைத் திருத்தியும் திரும்பப் பெற்றும் வியாபாரிகள் நொந்து போயிருந்தார்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையின் மனையியல் பிரிவில் இருந்த ரூத் ஓ’பிரையனும் வில்லியம் ஷெல்டனும் ஒரு பிரமாண்டமான வேலையில் இறங்கினார்கள். 1939, 1940 இரண்டு வருஷங்களில் 14,698 பெண்களை அளந்தார்கள். ஒவ்வொருவரிடமும் எத்தனை அளவு தெரியுமா? 59! கழுத்து, தோள், தொடை என்று தலை முதல் கால்வரை.

இவ்வளவு உழைப்பு. ஆனால் கடைசிக் கணக்கில் வெள்ளையினப் பெண்களின் அளவுகளை மட்டும்தான் சேர்த்தார்கள். மற்றவர்களை அளந்துவிட்டு ஒதுக்கிவிட்டார்கள்! அளவெடுக்க வந்தால் சிறு தொகை கொடுத்ததால், பொருளாதார மந்த காலத்தில் கையில் காசில்லாத பெண்களே அதிகம் வந்தார்கள் என்பதும் அந்தக் கணக்கின் மேல் சொல்லப்படும் குறை. பத்தாயிரத்துச் சொச்சம் பேரின் அளவுகளிலிருந்து, ஒரு நாட்டுப் பெண்களுக்கே சைஸ் எழுதினார்கள்.

அந்த ஆய்விலேயே இன்னொரு விஷயமும் தெளிவாகத் தெரிந்துவிட்டது: மார்பளவு ஒன்றை மட்டும் வைத்துப் பெண்களின் உடுப்புக்கு சைஸ் சொல்லவே முடியாது. உயரத்தையும் எடையையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஓரளவு சரியாக வரும். ஆனால் கடைக்குப் போய் எடையைச் சொல்லு என்றால் எந்தப் பெண் சொல்வாள்? கடைக்காரர்தான் எடை மிஷினை வாங்கி வைப்பாரா? யோசனை காகிதத்தோடு நின்றுவிட்டது. 1958-ல் அரசாங்கம் ஒரு சைஸ் தரநிலையை வெளியிட்டது, 1970-ல் திருத்தியது, 1983-ல் கைகழுவிவிட்டது. அதற்கப்புறம் பெண்களின் சைஸ் எண் என்பது கம்பெனிக்குக் கம்பெனி அவரவர் இஷ்டம். சின்ன எண்ணைப் பார்த்தால் வாங்குபவருக்குச் சந்தோஷம் என்று எண்களைக் குறைத்துக்கொண்டே போனார்கள். 1958-ல் 16 என்று எழுதியிருந்த உடுப்பும் இன்று 8 என்று எழுதியிருக்கும் உடுப்பும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் நம்புவீர்களா? உண்மை!

இந்தக் குழப்பத்தின் தலைமேல் ஜெர்சி வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்?

ஒரே அணியின் ஆண்கள் ஜெர்சியையும் பெண்கள் ஜெர்சியையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பாருங்கள். இதை நான் எல்லோருக்கும் சொல்லுவேன், பார்த்தால்தான் புரியும். ஆண்களின் ஜெர்சியில் கைக்குழியிலிருந்து கீழ் மடிப்புவரை பக்கத் தையல் நேர்க்கோடாக இறங்கும். பெண்களின் ஜெர்சியில் அதே தையல் இடுப்பில் உள்ளே வளைந்து, கீழே மறுபடி விரியும். கைக்குழி சின்னது. கை முழங்கைவரை வராது, தோளுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். கழுத்து இறக்கம். மொத்த நீளமும் குறைவு. பல கம்பெனிகளின் அளவு அட்டவணையில் பெண்களுக்கான எல் சைஸ் ஏறக்குறைய ஆண்களின் எம் சைஸுக்குத்தான் சமம். அட்டையில் அதே எழுத்து, துணியில் வேறு அளவு!

அந்த வளைந்த இடுப்பு யாருடைய இடுப்பு தெரியுமா? இதைப் படித்தபோது எனக்குப் பொறுக்கவே இல்லை. அமெரிக்காவில் நார்த் கரோலைனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் உடல் ஸ்கேன் அளவுகளை வைத்து வகை பிரித்தார்கள். மேலும் கீழும் விரிந்து நடுவில் ஒடுங்கிய உடுக்கை வடிவ உடல்வாகு எத்தனை பேருக்கு இருந்தது? வெறும் 8 சதவீதம்! 46 சதவீதம் பேருக்கு மேலிருந்து கீழ்வரை பெரிய வித்தியாசம் இல்லாத நேரான உடல்வாகு. நூற்றில் எட்டுப் பேருக்கு இருக்கும் இடுப்பை நூறு பேருக்கும் வெட்டித் தருகிறார்கள்! எட்டுப் பேருக்குப் பொருந்துவதை வெட்டாதே என்று சொல்லவில்லை. மற்ற 92 பேரும் டிக்கெட் வாங்கித்தானே உள்ளே வருகிறார்கள்?

துணியை விடுங்கள், எண்ணைப் பாருங்கள். ஜெர்சியின் முன்பக்கம் ஒட்டியிருக்கும் எண்ணும் ஸ்பான்சர் பெயரும் சூட்டில் அழுத்தி ஒட்டப்பட்டவை. ஜெர்சித் துணி இழுத்த இழுப்புக்கு வரும். ஒட்டிய பிளாஸ்டிக் அந்த அளவுக்கு வராது. மார்புப் பகுதியில் துணி இழுபடும்போது எண்ணின் நடுவில் முதலில் மெல்லிய கோடு விழும், சில சலவைக்குப்பின் அது விரிசலாகும், ஓரம் உரியும். துணியில் வெட்டித் தைத்த எண் என்றால் விரியவே விரியாது. பலகை மாதிரி விறைத்து நிற்கும். தட்டையான மார்பில் அழகாக உட்காரும் அதே எண், வளைவின் மேல் ஏறி இரண்டு பக்கமும் இறங்கும்போது 88 எது 38 எது என்று தூரத்திலிருந்து தெரியாது. ஆணின் நெஞ்சை மனதில் வைத்து வரைந்த வடிவத்தைச் சுருக்கிப் பெண்ணின் ஜெர்சியில் ஒட்டினால் இப்படித்தான்.

பெரிய சைஸ்களின் கதை இன்னும் மோசம். பனியன் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டர்களைக் கேட்டால் விளக்குவார்கள். முதலில் ஒரு நடு சைஸுக்குப் பேட்டர்ன் வெட்டி, ஆளுக்குப் போட்டுச் சரிபார்ப்பார்கள். அப்புறம் ஒவ்வொரு சைஸுக்கும் குறிப்பிட்ட அளவு கூட்டியும் குறைத்தும் மற்றதெல்லாம் வரும். இதற்குக் கிரேடிங் என்று பெயர். கொஞ்ச தூரம்வரை சரியாக வரும். ஆனால் மனித உடம்பு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பெருப்பதில்லையே! மார்பு ஆறு அங்குலம் கூடினால் தோள் ஆறு அங்குலம் கூடுமா? கூடாது. அதனால் பெரிய சைஸ்களுக்குப் புதுப் பேட்டர்னே வெட்ட வேண்டும். செலவு என்று அதைச் செய்யாமல் வெறுமனே கூட்டிக்கொண்டே போனால் தோள் கீழே தொங்கும், கழுத்து வாய்பிளக்கும், வயிற்றில் மட்டும் பிடிக்கும். நிறையப் பெண்கள் கண்ணாடி முன்னால் நின்று தங்கள் உடம்பைக் குறை சொல்லிக்கொள்கிறார்கள். குறை உடம்பில் இல்லை, பேட்டர்னில் இருக்கிறது!

ஐஸ் ஹாக்கி ஜெர்சியைப் பார்த்திருக்கிறீர்களா? அது தோள் பேடும் முழங்கைப் பேடும் போட்ட ஆளுக்கு மேலே மாட்டுவதற்காக வெட்டியது. ஆட்டக்காரர்கள் போடும் ரக ஜெர்சியை ரசிகர்களுக்கு விற்கும்போது 46, 50, 52 என்று எண் போடுகிறார்கள்; 50 என்றால் மீடியம்! பேடு இல்லாத ஒரு பெண் அதைப் போட்டால் கை விரல்நுனியைத் தாண்டும்.

அப்புறம் அந்தப் பிங்க்!

அணியின் நிறம் நீலம், கறுப்பு, பச்சை எதுவாக இருந்தாலும் சரி, பெண்கள் பகுதிக்கு வந்தால் பல சமயம் பிங்க் ஆகிவிடும். ‘பிங்க் இட் அண்ட் ஷ்ரிங்க் இட்’ என்று அமெரிக்க வணிக உலகத்திலேயே இதற்குப் பெயர்: ரோஸ் சாயம் அடி, அளவைக் குறை, முடிந்தது வேலை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி 86 வருஷம் கழித்து 2004-ல் உலகத் தொடரை வென்றபின் பிங்க் தொப்பிகள் எங்கும் பரவின. கொஞ்ச நாளில் என்ன ஆனது தெரியுமா? ‘பிங்க் ஹேட்’ என்பதே வசைச்சொல் ஆகிவிட்டது! ஜெயித்தபின் கூட்டத்தோடு சேர்ந்தவர், ஆட்டம் தெரியாதவர் என்று அர்த்தம். பாட்டி காலத்திலிருந்து ரெட் சாக்ஸ் ரேடியோ வர்ணனை கேட்டு வளர்ந்த பெண்ணுக்கும் அதே முத்திரை. பெண்ணுக்கென்று கடை நீட்டியது பிங்க் தொப்பி. அதைப் போட்டால் கேலி. எத்தனை அநியாயம்!

2015-ல் மான்செஸ்டர் யுனைடெட்டின் புது அடிடாஸ் ஜெர்சி வந்தபோது இன்னொரு கூத்து. ஆண்களுக்கு வழக்கமான கழுத்து. பெண்களுக்கு ஆழமாக இறங்கிய வி கழுத்து! அணியின் ஆட்டக்காரர்கள் போடுவதைத்தானே ரசிகை கேட்டாள்? ரசிகைகள் கொதித்துப்போனார்கள், விஷயம் செய்தித்தாள்வரை வந்தது.

கடைக்காரர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அணியில் 15 ஆட்டக்காரர்கள் என்று வையுங்கள். எக்ஸ்.எஸ் முதல் டபுள் எக்ஸ்.எல் வரை 6 சைஸ். ஆக 90 வகை. சொந்த ஊர் ஜெர்சி, வெளியூர் ஜெர்சி என்று இரண்டு என்றால் 180. பெண்களுக்குத் தனி வெட்டு என்றால் 360! விற்காமல் தங்கினால் அடுத்த வருஷம் ஜெர்சியே மாறிவிடும், ஆட்டக்காரரும் அணி மாறிவிடுவார். அதனால் பெண்கள் வெட்டில் ஒன்றிரண்டு நட்சத்திரங்களின் பெயரை மட்டும் எடுத்து வைக்கிறார்கள். உங்களுக்குப் பிடித்தவர் விக்கெட் கீப்பரோ தடுப்பாட்டக்காரரோ என்றால் கிடைக்காது. அப்புறம் பெண்கள் ஜெர்சி அதிகம் விற்பதில்லை என்று அறிக்கை வரும். வைத்தால்தானே விற்கும்? பிடிக்காமல் ஆண்கள் பகுதியில் போய் வாங்கிய ஒவ்வொரு பெண்ணும் விற்பனைக் கணக்கில் ஆணாகத்தான் பதிவாகிறாள். இதுதான் இந்தச் சிக்கலின் மையமான முடிச்சு என்பேன்.

நம் ஊருக்கு வருவோம். சேப்பாக்கத்தில் ஐ.பி.எல் ஆட்டம் இருக்கும் நாளில் வாலாஜா சாலைப் பக்கம் நடந்து பாருங்கள். நடைபாதையில் மஞ்சள் ஜெர்சிகள் கயிற்றில் தொங்கும். ‘என்ன சைஸ்ண்ணா?’ என்று காலேஜ் பெண் கேட்டால் ‘ஃப்ரீ சைஸ்தான்மா, போட்டுக்கோ’ என்று பதில் வரும். குர்தாவுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, தோள் முழங்கைக்கு இறங்கி நிற்க, தோனியின் 7-ஆம் எண் இடுப்பில் உட்கார, அவள் வாய் கொள்ளாச் சிரிப்போடு வாலாஜா சாலையைக் கடந்து ஓடுவாள். அந்தச் சிரிப்புக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் அவளுக்கு அளவான ஒன்றைத் தைக்க நமக்குத் தெரியாதா? நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் போவது நம் திருப்பூரிலிருந்துதானே! ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அளவு பிசகாமல் தைத்து அனுப்பும் ஊர்.

பிரச்சினை தையலில் இல்லை, அளவில். இந்தியப் பெண்ணின் உடம்புக்கென்று ஓர் அதிகாரபூர்வ சைஸ் அட்டவணை நம்மிடம் நீண்ட காலம் இருந்ததே இல்லை, தெரியுமா? கடைகளில் எஸ், எம், எல் என்று நாம் எடுப்பதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டன் அட்டவணைகளைத் திருத்தி வைத்தவை. இதை மாற்றத்தான் மத்திய ஜவுளி அமைச்சகமும் நிஃப்ட் ஃபேஷன் கல்லூரியும் சேர்ந்து ‘இந்தியாசைஸ்’ என்ற திட்டத்தை எடுத்தன. ஆறு நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் நிற்கவைத்து அளப்பது திட்டம். டேப்பு உடம்பில் படவே படாது! டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங் என்று அறிவித்தார்கள். பட்டியலில் சென்னை இல்லையே என்று எனக்கு ஏக்கம்தான். அவ்வளவு தைத்துக் கொடுக்கும் மாநிலம் இது.

ரசிகையை விடுங்கள், நாட்டுக்காக ஆடியவர்களுக்கே என்ன நடந்தது தெரியுமா? உச்ச நீதிமன்றம் 2017-ல் நியமித்த கிரிக்கெட் நிர்வாகக் குழுவின் தலைவராக இருந்த வினோத் ராய் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார்: ஆண்கள் அணியின் சீருடையை வெட்டித் திரும்பத் தைத்துத்தான் இந்தியப் பெண்கள் அணிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று! அதிர்ந்துபோய், உடுப்புக் கம்பெனியைக் கூப்பிட்டு இனிமேல் பெண்களுக்கென்றே தைக்க வேண்டும் என்று சொன்னாராம். உலகக் கோப்பை ஆடிய ஆட்டக்காரிகளே அடுத்தவரின் அளவிலிருந்து வெட்டியதைப் போட்டிருக்கிறார்கள் என்றால், அவர்கள் பெயர் போட்ட ஜெர்சி ரசிகைக்கு எங்கிருந்து கிடைக்கும்? அந்தப் பெண்கள் அணியினர்தான் 2025 நவம்பர் 2-ஆம் தேதி நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று உலகக் கோப்பையைத் தூக்கினார்கள்!

இனி வரும் கதையைக் கேட்டால் மெய்சிலிர்க்கும். 2023 ஆகஸ்ட் 20, சிட்னி. மகளிர் கால்பந்து உலகக் கோப்பை இறுதி. ஸ்பெயின் ஒரு கோல் முன்னிலை. பெனால்டி கிடைக்கிறது; உதைக்க ஜென்னி ஹெர்மோசோ. இங்கிலாந்து கோல் கீப்பர் மேரி இயர்ப்ஸ் இடது பக்கம் பாய்ந்து பந்தை அமுக்குகிறார்! ஆட்டத்தை ஸ்பெயின்தான் வென்றது, ஆனால் தொடரின் சிறந்த கோல் கீப்பருக்கான தங்கக் கையுறை இயர்ப்ஸுக்கு. உலகத்தின் நம்பர் ஒன் கீப்பர். அவருடைய ஜெர்சியை ஒரு சின்னப் பெண் வாங்க நினைத்தால்?

கடையில் கிடையாது! இங்கிலாந்து அணியின் மற்ற ஜெர்சிகளை எல்லாம் விற்ற நைக்கி, கோல் கீப்பர் ஜெர்சியை மட்டும் விற்பனைக்கே கொண்டுவரவில்லை. உலகக் கோப்பைக்கு முன்னாலேயே இயர்ப்ஸ் இதை வெளிப்படையாகக் கேட்டார், மனம் வலிக்கிறது என்று சொன்னார். தன் கைக்காசைப் போட்டுத் தைக்கவும் முயன்று பார்த்தார். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ஆரம்பித்த கையெழுத்து இயக்கத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். நாடாளுமன்றத்தில்கூடப் பேச்சு எழுந்தது. கடைசியில் நைக்கி இறங்கிவந்து, குறைந்த எண்ணிக்கையில் தைக்கிறோம் என்றது. அக்டோபரில் விற்பனைக்கு வந்தவை சூடு ஆறுவதற்குள் தீர்ந்துபோயின! அந்த வருஷக் கடைசியில் பி.பி.சி-யின் ஆண்டின் சிறந்த விளையாட்டு ஆளுமை விருதும் இயர்ப்ஸுக்கே. வாங்க ஆளில்லை என்று யார் சொன்னது?

வாங்க ஆள் இருக்கிறார்கள் என்பதற்கு இன்னும் சாட்சி வேண்டுமா? 2024 ஏப்ரல் 15-ஆம் தேதி இரவு அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கின் டிராஃப்ட், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. இண்டியானா ஃபீவர் அணி கெய்ட்லின் கிளார்க்கைத் தேர்ந்தெடுத்த சிறிது நேரத்திலேயே அவருடைய 22-ஆம் எண் ஜெர்சி பெரும்பாலான சைஸ்களில் காலி! அமெரிக்கப் பெண்கள் கால்பந்து அணியின் 2019 ஜெர்சி என்ன சாதனை செய்தது தெரியுமா? ஒரே சீசனில் நைக்கியின் இணையக் கடையில் அதுவரை விற்ற கால்பந்து ஜெர்சிகளிலேயே அதிகம் விற்றது அதுதான் என்று அந்தக் கம்பெனியே அறிவித்தது. பெண்கள் அணி ஜெர்சிகளில் மட்டும் என்று நினைக்காதீர்கள், ஆண்கள் அணிகளின் ஜெர்சிகளையும் சேர்த்து! அதே 2019-ல்தான் நைக்கி முதல்முறையாக உலகக் கோப்பைக்கு வந்த 14 பெண்கள் அணிகளுக்கு, ஆண்கள் சீருடையைத் திருத்தாமல், பெண் ஆட்டக்காரர்களுக்கென்றே புதிதாக வடிவமைத்தது.

கடைசியாக ஒன்று. 2015 உலகக் கோப்பை சமயத்தில் அதே அமெரிக்கப் பெண்கள் அணிக்கு ஆண் ரசிகர்களும் எக்கச்சக்கம். ஆனால் அந்த ஜெர்சி அதற்கு முன்பெல்லாம் பெண்கள் அளவிலும் சிறுவர் அளவிலும்தான் வரும். அந்த அணியின் ஆட்டக்காரி அலெக்ஸ் மோர்கன் பெயரை முதுகில் போட்டுக்கொள்ள ஆசைப்பட்ட ஆண், பெண்கள் பகுதியில் போய் டபுள் எக்ஸ்.எல் தேட வேண்டியிருந்தது. போட்டால் தோளில் பிடிக்கும், இடுப்பில் வளையும். அந்த வருஷம்தான் நைக்கி முதல்முறையாக அதை ஆண்கள் அளவிலும் தைத்து விற்றது. ரசிகை காலங்காலமாகக் கேட்டுக்கொண்டிருப்பதும் அதைத்தான்: அதே அணி, அதே நிறம், அதே எண், இரண்டு வெட்டிலும் எல்லா சைஸும், அட்டையில் மார்பும் நீளமும் அங்குலக் கணக்கில்.